எப்போலேர்ந்து வலிக்குது?

மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் வேலையை முடித்துக் கரையேறும்போது மணி பத்து, பத்தரை ஆகியிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கே பாத்தியில் இறங்கியவர்கள். பாதமெல்லாம் வெடிப்பு, வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண், தலையில் சும்மாடு அழுத்திய தடம். வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் துணை சுகாதார நிலையத்துத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "நர்சம்மா, ரெண்டு மாத்திரை குடுங்க." நான் கேட்பேன்: "எங்க வலிக்குது?" இடுப்பு என்பாள் ஒருத்தி, முழங்கால் என்பாள் இன்னொருத்தி. இடம் தெரிந்தால் எனக்குப் போதும். 1981-ல் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து 2012-ல் ஓய்வு பெற்றேன். அதில் இருபத்தைந்து வருஷம் வலியைப் பற்றி நான் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் அம்மா நெற்றியில் துணி கட்டிக்கொண்டே வாழ்ந்தவள். எங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைவலி. சுக்குப் பற்றுப் போட்டாள், நொச்சி ஆவி பிடித்தாள், தைலம் தேய்த்தாள். டவுன் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். அன்றோடு வீட்டில் அந்தத் தலைவலிக்கு மதிப்புப் போயிற்று. "அம்மாவுக்குத் தலைவலி வந்துடுச்சு, இன்னிக்குப் பழையதுதான்" என்று நாங்கள் பிள்ளைகளே சிரித்திருக்கிறோம். எனக்கு மூத்ததாக ஒரு பையன் இருந்து, மூன்று வயதில் வாய்க்காலில் விழுந்து செத்துப்போனான் என்பது அம்மா காலமான பிறகு சின்னம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் துணியை அம்மா எந்த வருஷம் கட்ட ஆரம்பித்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நர்ஸ் படிப்புப் படித்து முடித்த பிறகும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலமானதால் உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் தண்ணீரில் கிடந்தது. காலையில் கடல் உள்ளே வந்துவிட்டது என்று குப்பத்து ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறைகளில் பாய் விரித்து அவர்களைப் படுக்கவைத்தோம். மீனவர் ஒருவர், கணுக்காலுக்கு மேலே சதை கிழிந்து எலும்பு தெரிகிறது, இரண்டு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்திருந்தார். டாக்டர் தையல் போட, நான் காலைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றேன். அவர் திருப்பி என்னைக் கேட்டார்: "எங்க?"

ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து அவரே என் திண்ணைக்கு வந்தார். காயம் ஆறித் தழும்பு வெளுத்திருந்தது. இப்போது வலிக்கிறது என்றார். ராத்திரியில், அலை இரைகிற சத்தம் கூடும்போது காலில் ஈட்டி பாய்வதுபோல இருக்கிறதாம். தழும்பை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. எலும்பு கண்ணுக்குத் தெரிந்த நாளில் வலிக்காத கால், ஆறிய பிறகு வலிக்கிறது என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? அன்றும் மாத்திரைதான் கொடுத்தேன். ஆனால் அந்தக் கணக்கு உதைக்கிறது என்பது மட்டும் மனதில் நின்றது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: அவர் கால் விதிவிலக்கு அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர், பெருங்காயத்தோடு வந்தவர்களில் பலர் வலிமருந்தே வேண்டாம் என்றதைக் கண்டு 1946-ல் எழுதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். காலிலிருந்து கிளம்பும் சேதி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டில் ஒரு கதவு இருக்கிறது. மேலேயிருந்து மூளையும் அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் செய்கிறது என்றார்கள். பிள்ளைகளைக் கரைசேர்க்கிற அவசரத்தில் அன்று அந்த மீனவருக்குக் கதவு சாத்திக்கொண்டது. ஆபத்து போன பிறகு அது திறந்தபடியே நின்றுவிட்டது.

ஏன் அப்படித் திறந்தே நின்றது என்று எங்கள் ஊர் ஜனத்துக்கு நான் சொல்வது இப்படி. ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று வையுங்கள். அன்றைக்குக் குரைக்காமல் பயந்து கிடந்த நாய், அதற்குப் பிறகு இலை அசைந்தாலும் குரைக்கும். பால்காரனைப் பார்த்தும் குரைக்கும், வீட்டுக்காரன் செருப்புச் சத்தத்துக்கும் குரைக்கும். அது பொய்யாகக் குரைக்கவில்லை. அதன் காதுக்கு எல்லாச் சத்தமும் திருடன் சத்தமாகிவிட்டது. உடம்பின் நரம்புகளும் அப்படியே பழகிவிடும். தொடர்ந்து வந்த வலிச் சேதிகளால் முதுகுத்தண்டு நரம்புகளே கூர்மையேறிப்போய், சின்னத் தொடுதலையும் பெரிய வலியாக எடுத்துக்கொள்கின்றன என்று கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1983-லேயே காட்டினார். பெரும் பயத்தில் அடிபட்ட மனசு இந்தக் கூர்மையை இன்னும் தீட்டுகிறது. தூக்கம் கெடுகிறது, தூங்காத உடம்புக்கு வலி கூடுகிறது. அடி எப்போது விழுமோ என்று தோளும் முதுகும் எந்நேரமும் இறுகியே இருக்கின்றன. வலி வந்தால் அந்த நாள் நினைவுக்கு வருகிறது. நினைவு வந்தால் வலி வருகிறது. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றையொன்று விடாமல் இழுத்துப்போகின்றன.

அதெல்லாம் சரி, ஏன் ஒரு வருஷம் கழித்து என்று கேட்பீர்கள். உப்பளத்தில் தண்ணீரின் டிகிரி பார்க்கிற மேஸ்திரிக்கு இது எளிதில் புரியும். கடல் தண்ணீர் 3 டிகிரி. அதில் உப்பு இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டி, 25 டிகிரி வந்தால்தான் உப்பு பூக்கும். அலை வந்த மாதங்களில் எங்கள் ஜனங்களுக்குத் துக்கப்பட நேரமே இல்லை. அடையாள அட்டைக்கு நின்றார்கள், அரிசிக்கு நின்றார்கள், படகுக்கு மனு எழுதினார்கள், தகரக் கொட்டகையில் வெந்தார்கள். கூட்டம் கலைந்து, நிவாரண வேன்கள் திரும்பிப்போய், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்த பிறகுதான் ஒவ்வொருவர் உடம்பிலும் அது பூக்கத் தொடங்கியது.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் 314 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. நூற்றுக்கு 12.7 பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் இருந்தது. பெண்களிடமும், வருமானமில்லாத வீட்டாரிடமும், அன்று காயம்பட்டவர்களிடமும் அது கூடுதல். எண்ணைப் பார்த்ததும், மீதி 87 பேர் தப்பித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். என் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. "எனக்கு மனசுல பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். "நெஞ்சுல கல்லு வெச்சாப்புல பாரமா கீது", "கை காலெல்லாம் குடைச்சல்", "ஈரக்குலை நடுங்குது", "பிடரியில யாரோ உட்கார்ந்துருக்காப்புல" என்று வந்தவர்கள் கணக்கில்லை.

நம் மொழியே அப்படித்தான் வைத்திருக்கிறது. 'நொந்து போனேன்' என்று சொன்னால் கால் நொந்ததா, மனசு நொந்ததா? பழைய இலக்கியத்தில் 'நோய்' என்பது காய்ச்சலையும் குறிக்கும், பிரிவின் துயரத்தையும் குறிக்கும். வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, குலை பதறுகிறது என்று மனசின் சேதியை உடம்பின் உறுப்புகளைக் கொண்டுதான் நாம் சொல்லிவருகிறோம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் இந்தக் காயத்துக்கு 'மனவடு' என்று பெயர் வைத்து அந்தத் தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். குண்டுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி வந்த தமிழர்கள் அவரிடம் கொண்டுபோனதும் பெரும்பாலும் தலைவலி, உடம்புவலி, நெஞ்சுப் படபடப்பு, அடிக்கடி வருகிற பெருமூச்சு ஆகியவைதான். வடு என்பது எவ்வளவு பொருத்தமான சொல்! புண் போய்விட்டது, ஆனால் இடம் பழையபடி இல்லை.

இந்தக் கரையில் துக்கத்தை இறக்கிவைக்க ஒரு வழி இருந்தது. இழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவரை மட்டும் அல்ல, தனக்கு நேர்ந்த அத்தனையையும் அந்தப் பாட்டில் வைத்துச் சொல்லி அழுவாள் ஒருத்தி. மாமியார் கொடுமை, கடன், பிறந்த வீட்டார் வராமல்போனது எல்லாம் வெளியே வரும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அது அவளுக்கு ஊர் கொடுத்த உரிமை. சுனாமியில் நம் கரையோரத்துப் பல ஊர்களில் பிணங்களைக் குழி வெட்டி மொத்தமாகப் புதைத்தார்கள். மாரடிக்க நேரமில்லை, குளிப்பாட்டக் கையில்லை, சிலருக்கு முகம்கூடக் கிடைக்கவில்லை. பாடாத ஒப்பாரி எங்கே போகும்? மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை போய் ஆடிவிட்டு வந்த சில பெண்கள், ஒரு வாரம் உடம்பு லேசாக இருக்கிறது என்றார்கள். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மற்றவர்கள் முன்னால் குரலெடுத்துக் கத்த அவர்களுக்கு அந்த ஓர் இடமாவது இருந்தது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் வழிகாட்ட, எங்களைப் போன்ற கிராம ஊழியர்களுக்கு மனநல உதவிப் பயிற்சி கொடுத்தார்கள். குறுக்கே பேசாமல் கேள், தோண்டாதே, அழவிடு, தூக்கம் எப்படி என்று விசாரி என்றார்கள். "உங்களில் யாருக்காவது மனபாரம் இருக்கா?" என்று பயிற்சியாளர் கேட்டபோது, மூன்று நாள் பள்ளிக்கூட வராந்தாவில் பிணங்களின் முகத்து மணலைத் துடைத்து உறவுக்காரர்களுக்குக் காட்டிய நான், "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து சொன்னேன்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான், 2006-ல் ஒருநாள், கேள்வியை மாற்றிக் கேட்டேன். உப்புக் கூடை சுமக்கிற பெண். நாற்பது வயதிருக்கும். இடுப்பு வலிக்காக அவள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. புத்தூர் கட்டும் போட்டாயிற்று. வாரத்துக்கு இரண்டு ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். பயிற்சியில் கொடுத்த படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, சுனாமி என்று சொல்வாள், எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பில், "எப்போலேர்ந்து வலிக்குது?" என்றேன்.

"அதுக்கு ரொம்ப முந்தி நர்சம்மா."

"எவ்ளோ முந்தி?"

"உங்களுக்குத் தெரியுமே. நீங்கதான எழுதுனீங்க."

நான் எழுதியது 1991-ல். பதிவேட்டில் ஒரே வரி. ஏழாம் மாதம், உப்பளக் கரையில் வழுக்கி விழுந்தது, குறைப்பிரசவம், சிசு இறப்பு. வழுக்கி விழுந்ததாகச் சொன்னது அவள் மாமியார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். துணி மாற்றும்போது அவள் இடுப்பில் ஓர் உள்ளங்கால் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மாமியார் சொன்னதை எழுதினேன். அவள் புருஷன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று நினைத்தேனா, இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பதினைந்து வருஷமாக அவள் என் திண்ணைக்கு வந்து போயிருக்கிறாள். நான் இடுப்பைப் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று அறிந்த ஒரே வெளியாள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தெரியாதவள்போல நான் நடந்துகொண்டதும் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் அதற்கு மேல் பேசவில்லை. நானும் தோண்டவில்லை. "நான் அன்னிக்குப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் தப்பா எழுதினேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சுனாமிப் படிவத்தை மடித்து உள்ளே வைத்தேன். அதில் அவள் கதையை எழுத இடமில்லை.

இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். அலையில் அடிபட்டவர்களுக்கு வேன் வந்தது, பயிற்சி வந்தது, படிவம் வந்தது, அதெல்லாம் வேண்டியதுதான். வீட்டுக்குள்ளேயே அடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. சின்ன வயதில் அடி, வீட்டில் குடி, தாயை அடிப்பதைப் பார்த்து வளர்வது போன்றவற்றை அனுபவித்தவர்கள் பெரியவர்களான பிறகு உடல்நோய்களுக்கும் அதிகம் ஆளாகிறார்கள் என்று வின்சென்ட் ஃபெலிட்டி குழுவினர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரை விசாரித்து 1998-ல் காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் நாள்பட்ட வலியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தன. எங்கள் உப்பளத்தில் பன்னிரண்டு வயதில் வாருபலகை பிடித்த பெண்களுக்கு இந்த ஆய்வைப் படித்துக் காட்டினால், இதைச் சொல்ல அமெரிக்காவா வேண்டும் என்று கேட்பார்கள்.

சொல்லக் கூசுகிற சாவு இன்னும் மோசம். 2023 மே மாதம் எங்கள் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று ஊர் உலகமெல்லாம் பேசியது. அந்தப் பேச்சு சாவு வீட்டு வாசல்வரை கேட்டது. புருஷன் செத்தான் என்று அழுதால் குடிகாரனுக்கு அழுகிறாள் என்பார்கள். அழாவிட்டால் பணம் வந்துவிட்டது என்பார்கள். அப்படி நிற்கிற ஒருத்தி பின்னால் எந்த ஆஸ்பத்திரி வரிசையில், எந்த வலியைச் சொல்லிக்கொண்டு நிற்பாள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அவள் கேஸ் சீட்டில் அந்த மே மாதம் இருக்காது.

இவ்வளவு சொன்னவள் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அந்தப் பக்கமும் தவறியிருக்கிறேன். பயிற்சி முடிந்த புதிதில் எனக்கு எல்லா வலியும் மனவலியாகவே தெரிந்தது. உப்பு வாருகிற பெரியவர் ஒருவர் முதுகு வலி என்று வந்தார். மகனைப் பறிகொடுத்தவர். அதுதான் என்று முடிவுகட்டி, உட்காரவைத்துப் பேசிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன். சாயந்திரக் காய்ச்சலையும் மெலிந்துபோனதையும் நான் துக்கத்தின் கணக்கில் எழுதினேன். புதிதாக வந்த இளம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தபோது முதுகுத்தண்டில் காசநோய். மருந்தில் பிழைத்தார், ஆனால் நடை பழையபடி வரவில்லை. மகனை இழந்தவருக்கும் முதுகெலும்பு உண்டு என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

உப்பளத்து உடம்பு சும்மாவே நோகிற உடம்பு. தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை 2017 முதல் 2020 வரை ஆராய்ந்த குழு, ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதையும், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் கண்டது. ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. காய்ந்துபோன அந்த உடம்பில் மேற்கொண்டு தினம் ஒரு வலி மாத்திரை விழுந்தால் சிறுநீரகம் என்னவாகும்? நான் டப்பா டப்பாவாகக் கொடுத்த மாத்திரைகளை நினைத்தால் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஆகவே முதலில் உடம்பைப் பாருங்கள். ரத்தம், சிறுநீர், படம் எல்லாம் எடுங்கள். காய்ச்சல், மெலிவு, கால் மரத்துப்போவது, மூத்திரம் கட்டுப்படாமல்போவது இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அந்த ஆளுக்கு வலிக்கிறது. நான் சொல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அங்கேதான் பலரும் "எல்லாம் மனசுதாம்மா" என்று கைகழுவுகிறார்கள். கேட்பவளின் காதில் அது, நீ நடிக்கிறாய் என்று விழுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப்போன நம் வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் என்ன கண்டார்? கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு, இல்லாத அந்தக் கை வலித்தது. இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கையில் நகம் பதிய இறுகிக்கொண்டு அவர்களைத் துடிக்கவைத்தன. ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, விரல்களை மெல்ல விரிக்கச் சொன்னார். சிலருக்கு அந்த இறுக்கம் விட்டது. கையே இல்லாமல் கை வலிக்கும் என்றால், காயமில்லாத இடுப்பு வலிப்பதில் என்ன நடிப்பு? உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்குத் திருத்திய விளக்கம் கொடுத்தபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியது. என் அம்மா காலத்தில் அந்த ஒரு வரி வந்திருக்கலாம்.

இடுப்பு வலியோடு வந்த அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொன்னதும் வலி பறந்துவிடவில்லை. அப்படிப் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழெட்டு மாதத்தில் துண்டு துண்டாகப் பேசினாள். சில நாள் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் பேசாமலே போவாள். பேசிய மறுநாள் வலி கூடியதும் உண்டு. அதனால்தான் தோண்டாதே என்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப்போனேன். ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதே குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் உதவும். "பைத்திய மாத்திரையா நர்சம்மா?" என்று அவள் கேட்டபோது, சர்க்கரைக்காரர் சாப்பிடுகிற மாத்திரை மாதிரிதான் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. முதலில் தூக்கம் வந்தது. பிறகு, வலித்தாலும் பரவாயில்லை என்று தினம் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் வலி கூடும், ஒரேயடியாக ஓடினாலும் கூடும். முதல் வாரம் தெருமுனை, அடுத்த வாரம் கோயில், அதற்கடுத்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை என்று கணக்கு. உப்புக் கூடையை விட்டுவிட்டு மூட்டை தைக்கிற வேலைக்கு மாறினாள். வாரத்துக்கு இரண்டாக இருந்த ஊசி மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றது. இடுப்பு இன்றைக்கும் வலிக்கத்தான் செய்கிறது. அவள் புருஷன் சுனாமிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான்; அவனிடம் கேட்க அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இப்போது வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 14416 என்று போன் போட்டால் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித்தருகிறார்கள். இளம் நர்சுகளை நான் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றும்போது, காற்று ஏறி இறங்குகிற அந்த நேரத்தில், எப்போலேர்ந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலுக்கு வாயைத் திறக்காமல் இருங்கள்.

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அரசு கொடுக்கிற 5,000 ரூபாய் நிவாரணம் வந்து கரைந்த பிறகு, கையும் காலும் சும்மா இருக்கிற அந்த நாட்களில்தான் ஊரில் எல்லோருக்கும் உடம்புவலி ஏறும். மார்கழி பிறந்தால் கடலோரத்து ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம். போன மார்கழியில் ஒருநாள் சாயந்திரம் அந்த இடுப்பு வலிக்காரப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். பேத்திக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருந்தாள். நான் ஈசிச்சேரில் சாய்ந்து, வலது கையால் பிடரியை அமுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பிடிப்பு ரொம்ப நாளாக உண்டு. வயசு என்று சொல்லிவருவேன். டீ வைத்துக் கொடுத்துவிட்டு, தைலப் புட்டியை எடுத்து நானே தேய்த்துக்கொள்ளப் போனேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். கட்டை விரலால் நரம்பைத் தேடி அழுத்தினாள். உப்பு ஊறித் தடித்த விரல்.

"எப்போலேர்ந்து நர்சம்மா?" என்றாள்.

"வயசாகுது இல்ல" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பள்ளிக்கூட வராந்தாவில் மூன்றாம் நாள் வந்த சிறுபிள்ளையின் காதில் இருந்த மணலை எடுத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.